மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வீடு தப்புமா?

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 49. கணவர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஊருக்கு வந்ததும் வாடகை இடத்தில் சிறிய முந்திரி ஆலை தொடங்கினார். ஊர்ப் பேச்சில் 'அண்டி ஆபீஸ்'. 2019இல் தொழிலுக்காக ஒரு வங்கியில் 40 லட்சம் கடன் வாங்கினார்கள். ஈடாகக் கொடுத்தது 12 செண்ட் மனையும் அதிலுள்ள வீடும். வாசகியின் கல்யாணத்தின்போது அவருடைய அப்பா இஷ்டதானமாக எழுதிக் கொடுத்த சொத்து அது. கொட்டை விலை ஏறிய வேகத்துக்குப் பருப்பு விலை ஏறவில்லை; ஆலையைப் பூட்டி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வங்கி கேட்பது வட்டியோடு 46 லட்சம். இது போக ஒரு தனியார் பைனான்சியருக்கு 9 லட்சம், கொட்டை கொடுத்த வியாபாரிகளுக்கு 6 லட்சம் பாக்கி. பைனான்சியரிடம் கணவர் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் நான்கு இருக்கின்றன. கணவர் பெயரில் குலசேகரம் பக்கம் 30 செண்ட் ரப்பர் நிலம் பாகமாக வந்தது உண்டு. அதன்மேல் அடமானம் இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன் வங்கி அதிகாரிகள் வந்து வீட்டைத் தங்கள் வசம் எடுத்துவிட்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைக் கேட்டில் ஒட்டினார்கள். கணவர் அதைக் கிழித்தெறிந்தார். நல்ல வேளையாக வாசகி அதற்குள் செல்பேசியில் படம் எடுத்துவிட்டார். சில நாளில் அதே அறிவிப்பு நாளிதழிலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவே கூசுகிறது என்கிறார். பத்திர எழுத்தர் ஒருவர் சொன்ன யோசனை இது: "அண்ணாச்சி ஐ.பி. (திவால் மனு) போடட்டும். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் வங்கி வீட்டைத் தொட முடியாது. அதற்கு முன் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடுங்கள்." சீதன வீட்டை வங்கி எடுக்கவே முடியாது என்று உறவினர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் சரியா, கணவரைச் சிறையில் போடுவார்களா, மகளின் நர்சிங் படிப்பு முடியும்வரை வீட்டில் இருக்க வழி உண்டா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பத்திர எழுத்தரின் யோசனையை ஒதுக்கி வையுங்கள். உங்கள் நிலைமையில் ஐ.பி. மனு வீட்டைக் காப்பாற்றாது. அதைவிட மோசமாக, வீட்டைக் காப்பாற்ற உங்கள் கையில் இருக்கும் ஒரே கைமுதலையும் அது கொண்டுபோய்விடும்.

திவால் மனு போடப்போவது உங்கள் கணவர். வீடோ உங்கள் பெயரில் இருக்கிறது. அவர் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தால் அவருடைய சொத்துகள்தான் நீதிமன்றத்தின் பொறுப்புக்கோ, அது நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போகும். உங்கள் வீடு அந்தப் பட்டியலிலேயே வராது. ஆகவே அந்த மனுவின் நிழலும் வீட்டின் மேல் விழாது. சரி, வீடு அவர் பெயரிலேயே இருந்திருந்தால்? அப்போதும் பயனில்லை. ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர் அந்த ஈட்டை விற்று வசூலிக்கும் உரிமையைத் திவால் நடவடிக்கை பாதிக்காது என்று சட்டமே சொல்கிறது. கைமாற்றாகவும் நோட்டு எழுதியும் கொடுத்தவர்கள்தான் ரிசீவர் முன் வரிசையில் நிற்க வேண்டும். வங்கி அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது.

கம்பெனிகளுக்குத் திவால் என்றதும் எல்லா வசூலும் நின்றுவிடுவதாகச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. தனிமனிதர்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டம், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கணவர் தன் சொந்தப் பெயரில் தொழில் நடத்தியவர். அவருக்குப் பழைய திவால் சட்ட முறைதான். அதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இப்போது அந்த ரப்பர் நிலத்துக்கு வருகிறேன். கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: "அதை விற்றால் 18 லட்சம் கிடைக்கும், ஆனால் அது அவருடைய அப்பா கொடுத்தது." எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். வங்கியோடு உட்கார்ந்து பேச உங்களிடம் இருக்கும் ஒரே பணம் அந்த 18 லட்சம். ஐ.பி. போட்டால் அந்த நிலம் ரிசீவர் கைக்குப் போய், விற்ற பணம் பைனான்சியருக்கும் வியாபாரிகளுக்கும் பங்காகப் போகும். நீங்கள் வெறுங்கையோடு வங்கி முன் நிற்பீர்கள். அப்பா கொடுத்த நிலம் என்று அவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வீடும் ஒரு அப்பா கொடுத்ததுதான் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சீதன வீடு என்ற நம்பிக்கை

சீதனம் பெண்ணின் சொத்து என்பது சரி. அந்தச் சொத்தை அடமானம் வைக்கும் உரிமையும் அதனாலேயே உங்களுக்கு இருந்தது. 2019இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ஆவணத்தில் கையெழுத்திட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "எதற்கு என்று தெரியாமல் போட்டேன்" என்பதைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம் எளிதில் ஏற்காது. முதலில் கணவரிடம் வசூலித்துவிட்டு வா என்று வங்கியிடம் கேட்கவும் முடியாது. ஜாமீன்தாரரான உங்கள் மேலும் அதே நேரத்தில் வங்கி கை வைக்கலாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கணவர் திவாலாகி, பிறகு நீதிமன்றம் அவரைக் கடன்களிலிருந்து விடுவித்தாலும், அவரோடு சேர்ந்து கையெழுத்திட்ட உங்கள் பொறுப்பு தீராது.

மனையில் தென்னை நிற்பதால் அது விவசாய நிலம், வங்கி தொடக்கூடாது என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வங்கிகள் வீட்டை எடுக்கப் பயன்படுத்தும் சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அது விவசாய நிலம்தான் என்று காட்டும் பொறுப்பு கடன் வாங்கியவருடையது. வீட்டைச் சுற்றி ஏழு தென்னை நின்றால் விவசாய நிலம் என்றால், நம் மாவட்டத்தில் வங்கிக்கு ஈடாக ஒரு வீடும் மிஞ்சாது.

மகள் பெயருக்கு எழுதுவது

வேண்டவே வேண்டாம். வங்கிகள் வீட்டை எடுப்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி. அதில் 60 நாள் கெடு வைத்து முதல் கோரிக்கை அறிவிப்பு வந்த பிறகு, வங்கியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஈட்டுச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ வேறு விதமாக மாற்றவோ கூடாது. மீறினால் ஓராண்டுவரை சிறைக்கு இடமுண்டு. கணவரைச் சிறையில் போடுவார்களோ என்று பயப்படுகிற நீங்கள், உங்களையும் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டிய மகளையும் அதில் இழுத்துவிடாதீர்கள். பத்திரம் எழுதினாலும் அடமானம் சொத்தோடே போகும். வில்லங்கச் சான்றில் அது இருக்கிறது. சித்தப்பா மகனை வாடகைக்கு வைத்ததாகப் பழைய தேதியிட்டு ஒப்பந்தம் எழுதும் யோசனைக்கும் இதே பதில்தான். அப்படிப்பட்ட தாள்களைத் தீர்ப்பாயம் நிறையப் பார்த்துவிட்டது.

அந்த 45 நாள்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டிய தேதி, கோரிக்கை அறிவிப்பின் தேதி, தொகை, சர்வே எண், நான்கெல்லை, அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. நான்கெல்லையைப் படிக்கும்போதே உங்கள் தானப் பத்திரத்தை எடுத்து வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் குழம்பிய அறிவிப்புகள் நம் மாவட்டத்தில் அபூர்வம் இல்லை.

இந்த அறிவிப்பின்படி வங்கி எடுத்திருப்பது காகிதத்தில் மட்டுமான சுவாதீனம். வீட்டிலிருந்து உங்களை வெளியேற்ற வேண்டுமானால் நாகர்கோவிலில் தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பிறகு வழக்கறிஞர் ஆணையரோ வருவாய்த் துறை அதிகாரியோ போலீஸ் துணையோடு வருவார். வசூல் ஆட்கள் தாங்களாக வந்து பூட்டை உடைக்க முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. இரவில் அழைத்தவர்களின் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அதே சமயம், ஆள் குடியிருக்கும் வீட்டை அப்படியே ஏலம் விடுவதும் நடக்கிறது. வீட்டுக்குள் இருக்கிறோம் என்ற தைரியத்தில் காலத்தைப் போக்க முடியாது.

சுவாதீன நடவடிக்கையை எதிர்க்கும் இடம் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் 45 நாள். நீங்கள் எழுதும்போதே மூன்று வாரம் போய்விட்டது. குழித்துறையில் சிவில் வழக்குப் போடலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். இந்த விவகாரத்தில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம் என்பார்கள். தீர்ப்பாயம் இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் இதில் தலையிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது.

தீர்ப்பாயத்தில் சொல்ல உங்களுக்கு என்ன இருக்கிறது? "கோரிக்கை அறிவிப்பு எனக்கு வரவே இல்லை, அவர் வாங்கி மறைத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயருக்குத் தனியாக அனுப்பினார்களா, ஒப்புகை அட்டையில் யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும். அனுப்பவே இல்லை என்றால் அது வலுவான வாதம். அனுப்பியதைக் கணவர் வாங்கினார் என்றால் வாதம் பலவீனம். ஒரே வீட்டில் இருப்பவர்தானே என்பார்கள். ஆலைக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா என்றும் பாருங்கள். சிறு தொழில்களுக்குச் சீரமைப்பு வாய்ப்புத் தருவது குறித்த விதிகளை வங்கி மதித்ததா என்று கேட்கலாம். ஆனால் அதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும், இப்போது தாமதம் என்பார்கள். உண்மையைச் சொன்னால், இந்த மனுவில் வீடு முழுதாகத் தப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிடைக்கக்கூடியது அவகாசம். தடை கேட்டால் பெரும்பாலும் ஒரு பகுதிப் பணத்தைக் கட்டச் சொல்வார்கள். மறுபடியும் அந்த 18 லட்சம்தான்.

ஏல அறிவிப்புக்கு முன்

இந்தச் சட்டத்தில் ஒரு கோடு இருக்கிறது. முழுப் பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல விற்பனை அறிவிப்பு வெளியாகும்வரைதான். 2016இல் திருத்திய பிறகு நிலைமை இதுதான் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிப்படுத்திவிட்டது. முன்பெல்லாம் ஏலம் நடக்கிற நாளிலும் பணத்தோடு ஓடுவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. உங்களுக்கு ஏல அறிவிப்பு இன்னும் வரவில்லை. உங்கள் பிடி அதில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியில் இரண்டு வழிகள் தெரிகின்றன. முதலாவது, ரப்பர் நிலத்தை நியாய விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் காட்டி ஒரே தவணைத் தீர்வு கேட்பது. வங்கி இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உரிமை யாருக்கும் இல்லை என்பது 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கேட்கலாம், பேரம் பேசலாம், அவ்வளவுதான். கிளை மேலாளர் வாயால் "பார்க்கலாம்மா" என்பதை நம்பி நாளை விடாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். 46 லட்சத்தில் வங்கி ஓரளவு விட்டுக்கொடுத்தாலும் மிச்சத்துக்கு உங்களிடம் வழி இல்லை என்பது எனக்குக் கவலை. மகளின் நகையை விற்பது, இன்னொரு பைனான்சியரிடம் வாங்குவது என்று கணக்குப் போட்டால் அது தீர்வு இல்லை.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது இரண்டாவது வழியை: வீட்டை வங்கி விற்பதற்கு முன் நீங்களே விற்றுவிடுங்கள். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஊரில் செண்ட் விலையை வைத்து மனையும் வீடும் 75 லட்சம் பெறும் என்கிறீர்கள். கொஞ்சம் குறைத்து 70 லட்சம் என்றே வைப்போம். வங்கிக்கு 46 லட்சம் போனால் 24 லட்சம் உங்கள் கையில். அதே வீடு வங்கி ஏலத்துக்குப் போனால், உள்ளே ஆள் இருக்கிறது, வழக்கு வரலாம் என்று பயந்து வாங்குபவர் விலையைக் குறைப்பார். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடிப்படை விலையைக் குறைத்து மறுபடி அறிவிப்பார்கள். ஏலத்தில் வந்த தொகை கடனைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சம் உரிமையாளரான உங்களுக்குத் திரும்ப வேண்டும். குறைந்தால் அந்தக் குறைவுக்காக வங்கி உங்களையும் கணவரையும் மீண்டும் துரத்தலாம். 24 லட்சம் கையிலிருந்தால் குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ வாடகைக்கு அமர்ந்து மகளின் படிப்பையும் முடிக்கலாம், பிறகு நாலு செண்டில் ஒரு சிறு வீட்டையும் நினைக்கலாம்.

விற்கும்போது வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் அவசியம். வாங்குபவர் பணத்தை நேராக வங்கிக் கடன் கணக்கில் கட்டுவது, வங்கி அடமானத்தை ரத்து செய்து மூலப் பத்திரத்தைக் கொடுப்பது, அதே நாளில் கிரயம் பதிவது என்று மூன்று பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். தரகர் அட்வான்ஸ் வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒப்பவே ஒப்பாதீர்கள். வீட்டை விற்றுத் தீர்த்துவிட்டால் ரப்பர் நிலம் கைவசம் இருக்கும். அதை வைத்து வியாபாரிகளையும் பைனான்சியரையும் கணவர் தீர்க்கலாம். அதன் பிறகும் முடியாவிட்டால் ஐ.பி. பற்றி அப்போது யோசிக்கட்டும். ஆனால் ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு மூன்று மாதத்துக்குள் திவால் மனுப் போட்டால் அந்தக் கொடுப்பனவையே நீதிமன்றம் ரத்து செய்ய வாய்ப்புண்டு. இரண்டு ஆண்டுக்குள் சும்மா எழுதிக் கொடுத்த தானங்களுக்கும் அதே கதி. எதை முதலில் செய்வது என்பது முக்கியம்.

சிறை, காசோலை, கந்துவட்டி

வங்கிக் கடனைக் கட்ட முடியாத ஏழ்மைக்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. பணம் இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றினால்தான் சிவில் சிறை என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. உங்களைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம்.

கணவரைப் பற்றி நான் பயப்படுவது அந்த நான்கு காசோலைகளுக்காகத்தான். வெற்றுக் காசோலையாகக் கொடுத்திருந்தாலும் கையெழுத்து அவருடையது என்றால் கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். அது குற்றவியல் வழக்கு. இரண்டு ஆண்டுவரை சிறை, காசோலைத் தொகையைப்போல் இரு மடங்குவரை அபராதம் உண்டு. ஐ.பி. மனு அதை நிறுத்தாது. வங்கியிலிருந்து காசோலை திரும்பியதும் வக்கீல் நோட்டீஸ் வரும். அதைப் பெற்ற 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதிலாவது எழுத வேண்டும். தபால்காரர் கொண்டுவருவதை வாங்காமல் திருப்பி அனுப்புகிற பழக்கத்தை அவர் விட வேண்டும்.

அந்த 9 லட்சத்தில் அசல் 4 லட்சம்தான், மீதி வட்டிக்கு வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி புகார் கொடுக்க இடமுண்டு. எப்போது எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்பதைக் கணவர் நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் செல்பேசியில் பணம் அனுப்பிய பதிவுகளை எடுங்கள்.

கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நாள் வந்தாலும், உள்ளிருக்கும் பாத்திரம் பண்டம், கட்டில், துணிமணி, மகளின் புத்தகம், சான்றிதழ் எதுவும் வங்கியின் ஈடு அல்ல. வருபவர்கள் பட்டியலிட வேண்டும். எடுத்துக்கொண்டு போக உங்களுக்கு உரிமை உண்டு. மகளின் சான்றிதழ்களையும் ரேஷன் அட்டையையும் இப்போதே உங்கள் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வக்கீல் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தானப் பத்திரம், அடமான ஆவணத்தின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, கேட்டில் ஒட்டிய அறிவிப்பின் படம், நாளிதழ் வெட்டு, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். 45ஆம் நாள் எந்தத் தேதி என்று கணக்கிட்டு அந்தக் கட்டின் மேல் பெரிதாக எழுதுங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிப் போங்கள். அவர் வர மறுத்தால் அவருக்காகக் காத்திருக்காமல் தனியாகவே போங்கள். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, மனுவிலும் உங்கள் கையெழுத்தே போதும்.